சிங்க இலச்சினையும் கொழுந்துக் கூடையும்

கொட்டகலையிற் பறிக்கப்படும் கொழுந்து கடல் கடந்தபின் 'சிலோன் தேயிலை' எனவே அறியப்படுகின்றது. 1972 இல் நாடு 'சிலோன்' என்னும் பெயரைக் கைவிட்டபோதிலும், உலகச் சந்தையில் நிலைபெற்ற அப்பெயரைத் தேயிலை கைவிடவில்லை. ஆயின், வியாபாரக் குறியின் உரிமை அது பதியப்பட்ட நாட்டின் எல்லையோடு முடிவதாகும். கொழும்பிற் பெற்ற பதிவு இலண்டனிற் காவல் தராது. பிறநாட்டுத் தேயிலையைக் கலந்து 'சிலோன்' என விற்பதைத் தடுக்க நாடுதோறும் பதிதல் வேண்டும். எனவே, 1976 இல் தோன்றிய இலங்கைத் தேயிலைச் சபை, தனக்குரிய வாளேந்திய சிங்க இலச்சினையைப் பல நாடுகளிற் பதிந்துள்ளது. முற்றிலும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டு, சபை விதித்த தரத்தை எய்திய பொதிகளே அதனைத் தாங்கலாம்.

தேயிலையின் பிறப்பிடத்தை இவ்வாறு பேணிய நாடு, அதனைப் பறித்தோரின் பிறப்பிடத்தை ஏற்க நெடுங்காலம் தயங்கியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமாகும். வியாபாரக் குறிகளை இன்று காக்கும் புலமைச் சொத்துச் சட்டமோ அதே ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமாகும். சட்டநூலில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் ஒருங்கே நோக்கற்பாலன. பெயரைப் பதிவு காக்கின்றது. அப்பெயருக்கு மதிப்பை ஈட்டியவை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் உரிமைக்குக் காத்திருந்த கைகளேயாம்.