இரவு வயலுக்குச் செல்வோருக்கு உதவும் முகாம் பொருட்கள்

மலையேறுவோர் எடுத்துச் செல்லும் முகாம் பொருட்கள் சில, ஊருக்குப் பக்கத்து வயலுக்கு இரவில் மோட்டார் போடவும், மடை திருப்பவும், காவலுக்கும் செல்லும் விவசாயிகளுக்கு நன்கு பயன்படும்.

நெற்றி விளக்கு: தலையில் மாட்டிக்கொள்வதால் இரு கைகளும் மண்வெட்டி பிடிக்கக் கிடைக்கும். வரப்பில் காலடியைப் பார்த்தே நடக்கவும். முழங்கால் வரை உயரமுள்ள ரப்பர் பூட்ஸ் அணிவது அவசியம்.

மடக்குக் கட்டில், கொசுவலை: கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் உறங்குவோரைக் கடிப்பது அதிகம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாகத் தெரியாததால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகின்றனர். எனவே தரையில் படுக்க வேண்டாம். கயிற்றுக் கட்டிலும் போதும். கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் நன்கு செருகிவிடவும்.

கூடாரம்: பனிக்கும் தூறலுக்கும் உதவும், மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. இடிச்சத்தம் கேட்டவுடன் கட்டட வீட்டுக்குச் சென்றுவிடவும். கூடாரத்துக்குள் அடுப்போ கரி நெருப்போ வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை. உறக்கத்திலேயே உயிர் போகலாம்.

பாம்பு கடித்தால்: இறுக்கிக் கட்டவோ, கீறவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், முதலில் நெற்றி விளக்கை வாங்குங்கள். கிளம்பும் முன் வீட்டில் சொல்லிவிட்டு, சார்ஜ் உள்ள செல்போனுடன் செல்லுங்கள்.