எஸ்.டி.டி. பூத் போச்சு... செல்போன் கடை வந்தாச்சு! மண்ணச்சநல்லூர், திருச்சி கடைவீதிகள் மாறியது ஏன்?

மண்ணச்சநல்லூர்:

கடைவீதியில் ஷட்டர் அதேதான். கட்டிடமும் அதேதான். ஆனால் மேலே தொங்கும் போர்டு மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. "இங்கதானே முன்னாடி வீடியோ கடை இருந்துச்சு?" என்று கேட்காத ஊரே தமிழ்நாட்டில் கிடையாது. திருச்சியில் இருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட் வழியாக துறையூர் போகும் ரோட்டில் உள்ள மண்ணச்சநல்லூரும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

யாவாரம் சரியில்லை, ராசி இல்லாத இடம், வாஸ்து சரியில்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் கடந்த 30, 40 ஆண்டுகளில் மூடப்பட்ட கடைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் நிற்கின்றன. ஒன்று அரசு உத்தரவு. இரண்டு புதிய கருவி. மூன்று பஸ் நிற்கும் இடம். இந்த மூன்றில் எதுவுமே கடைக்காரர் கையில் இல்லை என்பதுதான் சோகம்.

மஞ்சள் போர்டு காலம்

1984-ல் மத்திய அரசின் சி-டாட் அமைப்பு தொடங்கப்பட்ட பிறகு, கிராமம் வரைக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வந்தது. கூடவே வந்ததுதான் மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து போட்ட எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. பூத். ஒரு கண்ணாடி அறை, ஒரு போன், பில் அடிக்கும் மீட்டர். முதலீடு அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் பலருக்கு இந்த பூத்துகள் வாழ்வு கொடுத்தன. இரவில் கட்டணம் குறையும் என்பதால் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் பேச ராத்திரி நேரத்தில் கியூவில் நின்ற தாய்மார்கள் ஏராளம்.

1995-ல் இந்தியாவில் செல்போன் வந்தபோது பூத்காரர்கள் பயப்படவில்லை. வருகிற காலுக்கும் காசு கட்ட வேண்டி இருந்ததால் செல்போன் பணக்காரர் பொருளாகவே இருந்தது. 2003-ல் இன்கமிங் கால் இலவசம் ஆனது. அங்கேதான் பூத்துக்கு அடி விழுந்தது. பூத்காரர்களில் பலர் அதே கடையில் ரீசார்ஜ் கூப்பன், சிம்கார்டு, ஜெராக்ஸ் மெஷின் என்று மாறி தப்பித்தார்கள். பிறகு ரீசார்ஜும் செல்போனுக்குள்ளேயே போய்விட்டது. இப்போது அந்த இடங்களில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவதும், டிஸ்ப்ளே மாற்றுவதும்தான் முக்கிய யாவாரம்.

ஒரே உத்தரவில் காலி

ஒரே அறிவிப்பில் மொத்தமாக ஷட்டர் இறங்கியது என்றால் அது லாட்டரி கடைதான். அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது 1968-ல் தமிழக அரசு பரிசுச் சீட்டு தொடங்கப்பட்டது. பின்னால் வெளிமாநில லாட்டரிகள், ஒரு நம்பர் லாட்டரி என்று பெருகி, கூலி வேலை செய்பவர்களின் அன்றாட சம்பளத்தை அப்படியே விழுங்கியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனைக்கு முழுத் தடை விதித்தது. பஸ் ஸ்டாண்டு வாசல்களில் வரிசையாக தொங்கிய சீட்டுகள் காணாமல் போயின. பல குடும்பங்கள் தப்பின. சீட்டு விற்றே பிழைத்தவர்கள் டீக்கடை, பேன்சி ஸ்டோர், பெட்டிக்கடை என்று வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அதே 2003 நவம்பர் மாதம் இன்னொரு மாற்றம். தனியார் நடத்திய ஒயின்ஷாப்புகள் போய், சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. 2017-ல் தமிழகம் முழுவதும் 3 ஆயிரத்துக்கும் அதிகமான டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. கடை போன இடத்தில் மக்கள் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் பக்கத்தில் சுண்டல், ஆம்லெட் விற்ற தள்ளுவண்டிக்காரர்களும் கடையோடு சேர்ந்து இடம்பெயர வேண்டியிருந்தது.

வீடியோ கடையும் வாடகை சைக்கிளும்

1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி கலர் டி.வி. வந்தது. அதன் பின்னாலேயே டெக்கும் கேசட்டும் வந்தன. டெக், டி.வி. இரண்டையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் அது. 1993-ல் சன் டி.வி. தொடங்கி கேபிள் பரவியதும் கேசட் கடைகள் தள்ளாடின. வி.சி.டி., டி.வி.டி. வந்து கொஞ்சநாள் தூக்கிப் பிடித்தன. 2004-ல் திருட்டு வீடியோ தயாரிப்பவர்கள் மீது குண்டர் சட்டம் பாயும் என்று சட்டம் திருத்தப்பட்டது. கடைசி ஆணியை அடித்தது செல்போன்தான்.

இது நம்மூர் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி வரிசையாக கடை கட்டி விடுவது புறநகர் வழக்கம். அந்த வரிசைகளில் தவறாமல் இருந்த பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகைக் கம்பெனி 2010-ல் திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிளைகள் வைத்திருந்த கம்பெனிக்கே அந்த கதி என்றால், பத்துக்கு பத்து அறையில் கேசட் அடுக்கி வைத்திருந்தவர் என்ன செய்ய முடியும்?

மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட கடைகளும் இப்படித்தான் போயின. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 விவசாயிகளையும் பால்காரர்களையும் தன் பக்கம் இழுத்தது. 2000-களில் பள்ளி மாணவ, மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. ஆனால் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவருக்கு வேலை போகவில்லை. சைக்கிள் கடை டூவீலர் பஞ்சர் கடையாக மாறியது.

பிரவுசிங் சென்டர் இன்னொரு உதாரணம். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய இந்த சென்டர்களில் பரீட்சை ரிசல்ட் நாளன்று கூட்டம் தாங்காது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் அந்தக் கூட்டம் கரைந்தது. மிச்சம் இருப்பவை இப்போது சாதி சான்றிதழ், பட்டா, வேலைவாய்ப்பு விண்ணப்பம் போட்டுத் தரும் இடங்களாக நிற்கின்றன.

அசையாத கடைகள்

போய்விடும் என்று எல்லோரும் நினைத்தும் போகாத கடைகளும் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பல ஊர்களில் மாடியில் இருந்து அந்த டக்டக் சத்தம் கேட்கிறது. காரணம் எளிது. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு டைப்ரைட்டிங் சான்றிதழ் தேவை. அரசு கேட்கும் வரை கடை இருக்கும்.

மண்ணச்சநல்லூரில் அசையாதது அரிசி. இந்த ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைய உண்டு. மண்ணச்சநல்லூர் பொன்னி என்றால் வெளியூர் மளிகைக்கடைகளிலும் தெரியும். மலேசியாவின் மசூரி ரகத்தில் இருந்து தேர்வு செய்து, 1986-ல் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சாப்பாட்டுக்கு மெல்லிசான பொன்னிதான் வேண்டும் என்ற பழக்கம் அதற்குப் பிறகு இன்னும் வேர் விட்டது.

அரிசிக்கடைக்கும் சோதனை வராமல் இல்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போடப்பட்டது. உடனே என்ன நடந்தது? கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்தது! ஒரு கிலோ கூட்டியதில் வரி வரம்பைத் தாண்டியாகிவிட்டது. சட்டம் மாறினால் கடை மாறும், சில நேரம் மூட்டையும் மாறும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ரூ.77 கோடியில் கட்டியும் ஆள் வரவில்லை

கடைக்கு கட்டிடம் முக்கியமா, ஆள் நடமாட்டம் முக்கியமா? இதற்கு திருச்சியிலேயே பதில் இருக்கிறது. நெரிசலில் திணறும் காந்தி மார்க்கெட்டை மாற்றுவதற்காக மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் ரூ.77 கோடியில் மத்திய வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். குளிர்பதன வசதி, பார்க்கிங் எல்லாம் இருந்தது. ஆனால் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் போகவில்லை. ஊருக்கு வெளியே தூரம் அதிகம், சில்லறை வாங்குபவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

2020-ல் கொரோனா ஊரடங்கில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோதும், மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில்தான் நடந்தது. கள்ளிக்குடிக்கு முழுதாகப் போகவில்லை. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் காந்தி மார்க்கெட் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது பஞ்சப்பூரில் ரூ.236 கோடியில் புதிய காய்கறி மார்க்கெட்டுக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டு உள்ளது. கள்ளிக்குடி பாடம் அங்கே உதவுமா என்பது போகப்போகத் தெரியும்.

பஸ் போனால் கடை போகும்

பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பஸ் முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலை 16-ந் தேதி முதல் பயன்பாட்டுக்கு வந்தது. வெளியூர் பஸ்கள் அங்கே மாறியதும், பல ஆண்டுகளாக ராத்திரி பகல் பார்க்காமல் இயங்கிய திருச்சி மத்திய பஸ் நிலைய பகுதியில் கூட்டம் குறைந்தது. அந்தப் பகுதியின் ஓட்டல், பழக்கடை, லாட்ஜ் எல்லாமே பஸ்சுக்காக காத்திருக்கும் பயணியை நம்பி இருந்தவை. டவுன் பஸ்கள் தொடர்ந்து வந்தாலும், டவுன் பஸ் பயணி அரை மணி நேரம் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவது இல்லை.

மண்ணச்சநல்லூர், துறையூர் பயணிகளுக்கு சத்திரம் பஸ் நிலையம்தான் வாசல். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டப்பட்டு 2021 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. கட்டிடம் புதிதானாலும் பஸ் நிற்கும் இடம் மாறவில்லை. அதனால் அங்கிருந்து என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடைவீதிக்கு நடந்து போகும் கூட்டமும் மாறவில்லை. மத்திய பஸ் நிலையத்துக்கும் சத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

கடை போனாலும் அட்வான்ஸ் போகக்கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டு சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. அதன் முக்கிய அம்சங்கள்:

* வாய்ப்பேச்சு செல்லாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

* ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. 'அவரு கேட்டாரு, நான் குடுத்தேன்' என்று கையெழுத்து போடும் முன் படித்துப் பார்ப்பது நல்லது.

* காலி செய்யும்போது பாக்கி போக மீதி அட்வான்சை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

* தகராறு வந்தால் வாடகை அதிகாரி, வாடகை கோர்ட்டு என்று தனி வழி உண்டு.

அரசு மற்றும் உள்ளாட்சி கடைகளுக்கு இந்த சட்டம் பொருந்தாது. அங்கே ஏல நிபந்தனைதான் பேசும். கோவில் இடத்தில் உள்ள கடைகளுக்கு அறநிலையத்துறை சட்டம் தனி. 5 ஆண்டுக்கு மேல் குத்தகை என்றால் கமிஷனர் அனுமதி தேவை. ஆகவே கடை பிடிக்கும் முன் இடம் யாருடையது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு உரிமை உண்டு. 2021-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தப்படி, தமிழகத்தில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பது கட்டாயம். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் துணிக்கடை, நகைக்கடை பெண்களுக்காக வந்த சட்டம் இது. போர்டு மாறி புது முதலாளி வந்தாலும் இந்த உரிமை மாறாது என்பது குறிப்பிடத்தக்கது.