திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஊராளும் அவைகள்: ஒரு வரலாற்று நோக்கு

சிங்கபெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் இன்று பயணம் செய்வோர் இருமருங்கிலும் தொழிற்சாலை மதில்களையே காண்பர். இம்மதில்களுக்கிடையே அகப்பட்ட சிற்றூர்ச் சபை ஒன்றில் நாம் சில ஆண்டுகள் ஊழியம் செய்தோம். அங்கே ஒருநாள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் வண்டிப்பாதையின் குறுக்கே சுவர் எழும்பியது. முறையிடச் சென்ற அலுவலகம் ஒன்றில் நமக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினர். அதில் அப்பாதையே இல்லை. திரும்பி வருகையில் சபை மூப்பர் ஒருவர், "ஐயரே, இதையெல்லாம் யார் கூடித் தீர்மானிக்கிறார்கள்? நம்மை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?" என்றார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் இம்மாவட்டத்து அவைகளின் வரலாறு நமக்கு ஒருவாறு புலப்படலாயிற்று.

ஊராட்சியைப்பற்றிப் பேசுவோர் யாவரும் முதலில் சுட்டுவது உத்திரமேரூரையே. அதுவும் இக்காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்குள்ள கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை செய்துகொண்ட ஏற்பாட்டை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓலைகளில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என உறுப்பினர் அமைந்தனர். அவர்களுடைய பணிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்படலாகாது என்ற விதி, நம் திருச்சபைத் தேர்தல்களைக் கண்டவர்க்குப் பெருமூச்சை வரவழைக்கக்கூடும். மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டதை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கும் நமக்குக் குடவோலை அந்நியமான முறையன்று.

ஆயினும் இதை மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றுவோர் அதே கல்வெட்டின் மற்றொரு பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். குடத்தில் பெயரிடப்பட வேண்டுமானால் இறைசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். அகவை 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். அது பிரமதேயத்துச் சபை. ஏரியை எவ்வாறு காக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறு. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர் வேறு. பின்னவரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை.

இப்பிளவு ஆங்கிலேயர் காலத்திலும் அகலவில்லை. 1882-ஆம் ஆண்டு மே மாதம் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தின் வழியில், 1884-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் தோற்றுவித்தது. செங்கற்பட்டு ஜில்லா போர்டும் அவற்றுள் ஒன்று. சாலை, மருத்துவமனை, பள்ளி, சத்திரம் ஆகியவை போர்டுகளின் பொறுப்பு; ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டரே. அவர்கள் அமைத்த சாலைகளில் நாம் இன்றும் நடக்கிறோம். அப்பணியைக் குறைத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் இம்மாவட்டத்தின் பெரும்பான்மை உழைப்பாளரைப்பற்றிய தலையாய கேள்வி போர்டின் மேசையில் எழவில்லை. அக்கேள்வியை எழுப்பியவர் கலெக்டர் டிரமென்ஹீர். செங்கற்பட்டுப் பறையர் நிலைபற்றி 1891-இல் அவர் எழுதிய குறிப்பு, குடியிருக்கும் மனையும் பயிரிடும் நிலமும் தமக்குச் சொந்தமாக இல்லாமையே அவர்களது அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டிற்று. தரிசு நிலத்தின்மீது மிராசுதாரர் கொண்டாடிய முன்னுரிமையே அவர்களுக்குக் குறுக்கே நின்றது. ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சங்கத்தின் வில்லியம் கௌடி முதலிய மிஷனரிகளும் இதே காலத்தில் அரசிடம் முறையிட்டனர். வருவாய் வாரியம் இதனை மனமுவந்து ஏற்கவில்லை. எனினும் 1892-இல் பிறந்த அரசாணையின் விளைவாகவே பஞ்சமி நிலங்கள் என்று பின்னர் பெயர் பெற்றவை ஒதுக்கப்படலாயின. சிங்கபெருமாள்கோயிலையடுத்த மெல்ரோசாபுரம் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு ஆண்ட்ரூவின் முயற்சியால் உண்டானதே. இன்றைய தொழிற்பேட்டைகளுக்கு அது சேய்மையிலில்லை.

மிஷனரிகளைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. அவர்களும் மக்களுக்காகப் பேசினார்களேயன்றி, மக்களை அவையில் அமர்த்தவில்லை. நம்முடைய சபைகள் பல இன்றளவும் அவ்வழக்கத்திலேயே நிற்கின்றன என்பது நம் கருத்து.

விடுதலைக்குப்பின் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூவடுக்கு ஊராட்சியைப் பரிந்துரைத்தது. சென்னை மாநிலமோ 1958-ஆம் ஆண்டின் சட்டங்களால் ஜில்லா போர்டுகளை நீக்கி, அதிகாரத்தை ஊராட்சி ஒன்றியங்களிடம் ஒப்படைத்தது. மாவட்ட அளவில் கலெக்டரைத் தலைவராகக்கொண்ட மாவட்ட வளர்ச்சி மன்றத்தை மட்டும் வைத்தது. இம்மன்றம் ஆலோசனை கூறும் அவையே. ஒன்றியத் தலைவர்களும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் கூடிப் பேசுவர். பேச்சு குறிப்பேட்டில் ஏறும். அதற்குமேல் செல்ல அதற்குக் கை இல்லை. மாவட்டத்தை முழுமையாக நோக்கித் திட்டமிடும் அவை, கேட்கப்படும் அவையாக மட்டுமே சுருங்கியது அப்போதுதான். அந்த ஒன்றியங்களுக்கும் 1970-க்குப்பின் தேர்தல் நடந்தது 1986-இல்தான். சிப்காட் நிறுவனம் 1971-இல் நிறுவப்பட்டதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

திருப்பெரும்புதூர் என்றவுடன் இராமானுசர் பிறந்த ஊர் என்பதோடு மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வரும். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி வழங்கும் 64-ஆவது திருத்த மசோதாவை 1989 மே மாதம் மக்களவையில் கொணர்ந்தவர் இராஜீவ் காந்தி. மாநிலங்களவையில் அது சில வாக்குகளில் தோற்றது. 1991 மே 21 அன்று அவர் இவ்வூரில் கொல்லப்பட்டார். 73, 74-ஆவது திருத்தங்கள் 1992 டிசம்பரில் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தன.

இவற்றுள் 243-இசட்டி என்னும் பிரிவை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். ஒவ்வொரு மாவட்டத்திலும் திட்டக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களால் தங்களுக்குள்ளிருந்து தெரிந்தெடுக்கப்படல் வேண்டும். ஊர்களும் நகரங்களும் தீட்டும் திட்டங்களை அது ஒருங்கிணைக்கும். நிலப்பயன்பாடு, நீர்ப்பங்கீடு, சுற்றுச்சூழல் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு மாவட்டத்திற்கு வரைவுத் திட்டம் வகுத்து அரசுக்கு அனுப்பும். ஆளுநர் குறிப்பிடும் நிறுவனங்களையும் அமைப்புகளையும் கலந்தாலோசிக்கவும் அதற்கு இடமுண்டு. ஏட்டளவில் உத்திரமேரூரைவிடப் பரந்த ஏற்பாடு. பெண்களுக்கும் பட்டியலினத்தார்க்கும் ஊராட்சிகளில் இடஒதுக்கீடும் உண்டு.

ஆனால் தொழிற்பேட்டைகள் இக்குழுவின் வழியாக வரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. நிலமெடுப்பிற்கு 1997-ஆம் ஆண்டின் தொழில்நோக்க நிலமெடுப்புச் சட்டம் துணைநின்றது. நடுவணரசின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும் சமூகத் தாக்க மதிப்பீடு இதில் இல்லை. இம்மாநிலச் சட்டத்தை உயர்நீதிமன்றம் 2019-இல் செல்லாததாக்கியது. சட்டமன்றம் அதே ஆண்டில் அதற்கு மீண்டும் உயிரூட்டியது. உச்சநீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆலைகளால் நம் இளைஞர்க்கு வேலை கிடைத்ததை நாம் மறுக்கவில்லை. நம் சபை மக்களிலேயே பலர் அவ்வருவாயால் வாழ்கின்றனர். வேலை வந்தது, கேள்வி கேட்கும் இடம் வரவில்லை.

இன்னும் ஒன்று. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தபின், மாவட்டப் பிரிவினையும் சேர்ந்துகொள்ள, காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. இடையிலிருந்த ஐந்தாண்டும் தனி அலுவலர்களின் ஆட்சியே. தெரிந்தெடுக்கப்பட்டோர் இல்லாதபோது, அவர்களால் அமைய வேண்டிய திட்டக் குழு எங்ஙனம் அமையும்? 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தபோது வரைபடத்தின் கோடுகளும் மாறின.

இந்நிலையில் எஞ்சியிருப்பது கிராம சபை. பரந்தூர் விமானநிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபின், ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். அத்திட்டம் நன்றோ தீதோ, நிலம் இழப்போர் தம் பெயரில் தாமே பேசியதை வரலாறு பதிந்துகொள்ளும். ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறு முறை கூடும் என்று அறிவிக்கப்பட்டது. அந்நாள்களில் சபைக்கூடுகையை வைத்து மக்களை நம்மிடத்தில் நிறுத்திக்கொண்ட தவற்றை நாமும் செய்ததுண்டு.

நம் பழைய சேகரத்தார் அப்பாதைக்காக ஒரு சுதந்திர நாளன்று கிராம சபையில் தீர்மானம் கொணர்ந்தனர். அதனை எழுந்து வாசித்தவர் நூறுநாள் வேலைக்குச் சென்றுவந்த ஒரு தாயார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. சுவர் இன்னும் நிற்கிறது. பிரேதத்தை நெடுஞ்சாலை வழியே சுற்றித்தான் கொண்டுசெல்கின்றனர். தீர்மானத்தின் நகல் சேகரப் பதிவேட்டில், அடக்க ஆராதனைப் பக்கங்களுக்கு முன்பாக ஒட்டப்பட்டிருக்கிறது.