அகத்திய மீனும் திருவனந்தபுரத்து வானாய்வுக் கூடமும்

தில்லியில் வாழும் நம்மவர், பிப்ரவரித் திங்களின் நடுவில், புகையும் பனிமூட்டமும் இல்லாத ஓரிரவு ஒன்பது மணி அளவில் நேர் தெற்கே நோக்குவாராக. அடிவானத்தை ஒட்டிப் பேரொளியுடன் ஒரு விண்மீன் தோன்றும். அதுவே அகத்திய மீன். தில்லியில் அது 9 பாகை உயரத்தை எட்டுவதில்லை. திருவனந்தபுரத்திலோ ஏறத்தாழ 29 பாகை உயர்ந்து நிற்கும். துருவ மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. தில்லியில் 29 பாகை அளவில் நிற்பது, திருவனந்தபுரத்தில் எட்டரைப் பாகைக்குத் தாழ்ந்துவிடுகிறது. கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஊர் விட்டு ஊர் வந்தவர் தாம் கடந்த தொலைவை இவ்வாறு கைமுட்டியாலேயே வானில் அளந்து கொள்ளலாம்.

வடவானமும் தென்வானமும் ஒருசேரக் காணக் கிடைக்கும் அத்தென்கோடியில், 1837ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஒரு வானாய்வுக் கூடம் எழுப்பிற்று. அதற்கு வித்திட்டவர் வானநூலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வாணிகப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டெகாட் என்னும் ஆங்கிலேயர், தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு ஆர்வத்தால் வானை ஆராய்ந்து வந்தார். இசையில் பெரும்புகழ் பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா இதனை அறிந்து ஆதரவு தந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கேயாகும். குன்றின் மேல் கட்டடம் எழுந்தது. கால்டெகாட் அதன் முதல் தலைவரானார். பெரிய கருவிகளைத் தேடி அவர் ஐரோப்பா சென்றது அதன் பின்னரே. முதலில் பழகிய கண், அடுத்துக் காணும் இடம், கடைசியில் பெருங்கருவி என்ற இவ்வரிசை நம் கருத்திற்குரியது. 1843இல் தோன்றிய மாபெரும் வால்மீனை அவர் அங்கிருந்து ஆராய்ந்து எழுதினார்.

1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், பூமியின் காந்த சக்தியை ஆராய்வதில் ஈடுபட்டார். 1855இல் அகத்தியர் மலையின் உச்சியில், 6,000 அடிக்கு மேல், மற்றொரு கூடம் அமைத்தார். காடும் காற்றும் மழையும் சூழ்ந்த அவ்விடத்திலும், கீழே நகரிலும், காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகள் குறிக்கப்பெற்றன. உள்நாட்டு உதவியாளர்கள் இரவு பகலாக எழுதிய அக்குறிப்புகள் 1874இல் நூலாக வெளிவந்தன. புரூன் 1865இல் நீங்கியபின் ஆய்வுப் பணி தளர்ந்தது. கருவிகள் இருந்தும் காண்பவர் குறைந்தால் கூடம் வெறுங் கட்டடமே. இன்று அது கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

தொலைநோக்கி வாங்க விரும்புவோர்க்கு இவ்வரலாறு நல்லாசிரியன். முதற் சில திங்கள் வெறுங்கண்ணால் கார்த்திகை, திருவாதிரை, மிருகசீரிடம் ஆகியவற்றைப் பழகுக. பின்னர், 50 மில்லிமீட்டர் வில்லைகள் உடைய இரட்டைக்கண் நோக்கி ஒன்று போதும். கை அசையாது பிடித்தால் வியாழனின் துணைக்கோள்கள் தோன்றும். தொலைநோக்கி வாங்குங்கால், எத்தனை மடங்கு பெருக்கும் என்று கேளாதீர். முகப்பின் விட்டம் எவ்வளவு, தாங்கி அசையாது நிற்குமா என்று கேளுங்கள். ஒளியைத் திரட்டுவது விட்டமே. 70 மில்லிமீட்டர் வில்லைக் கருவியிலேயே சனியின் வளையம் புலப்படும். தக்க வடிகட்டி முகப்பில் இன்றிக் கதிரவனை அதன் வழியே ஒருபோதும் நோக்கலாகாது, கண் பறிபோகும்.

எல்லாவற்றினும் மேலாக, ஒரு குறிப்பேடு வேண்டும். நாளும் நேரமும் ஊரும் கண்டதும் அதில் எழுதுக. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதனையும் உடன் கொண்டு செல்க. ஒரே அகத்திய மீன் இரண்டு முட்டி உயர்ந்து நிற்பதை அங்கே நம் கையாலேயே அளந்து எழுதலாம்.