மொகிலி மலைப்பாதையில் ஒரு தெள்ளு: சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் பிளேக் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலை மொகிலி மலைப்பாதையில் ஏறிப் பலமனேரை அடைகிறது. கீழே வெம்மை மிகுந்த சமவெளி. மேலே மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. பலமனேரைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழைந்தால் முல்பாகல். 1966இல் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட மனிதப் பிளேக் அந்த முல்பாகல் வட்டத்தில்தான் பதிவாயிற்று. அதன்பின் 1994இல் பீடிலும் சூரத்திலும் மீண்டும் எழும்வரை அந்நோய் இந்நாட்டில் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இம்முக்கோணத்தை நோயின் இயற்கை உறைவிடங்களுள் ஒன்றாகக் கருதிப் பொதுச் சுகாதாரத் துறையினர் இன்றும் கண்காணிக்கின்றனர். வயல்வெளியில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி அங்கே நோயின் காப்பாளர். வீட்டெலி அதை ஊருக்குள் கொண்டுவரும் இடையாள்.

வடவேங்கடத்தை எல்லையாகக் கொண்டு நாம் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறோம். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்தெடுத்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இந்த எல்லைகளைப் பற்றிய நூல்கள் நம்மிடம் பல உண்டு. அவற்றைக் கடந்து தானிய மூட்டைகளோடு போய்வந்த எலிகளையும் அவற்றின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளையும் பற்றி வரலாற்று மாணவர்கள் எழுதியது மிகக் குறைவு. இக்குறைபாடு நமது வாதங்களையே பிழையாக்கியிருக்கக்கூடும் என்பது என் ஐயம்.

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. பம்பாய்க்கும் சென்னைக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை ரேணிகுண்டா வழியாகச் செல்கிறது; திருப்பதிக்குச் செல்லும் வடநாட்டு யாத்திரிகர் இறங்குமிடம் அது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் நோய் கண்டது. ஆக, இவ்வட்டாரத்துக்கு மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வழி திறந்திருந்தது. சென்னை மாகாண அரசு இதற்குக் கண்ட தீர்வு 'பிளேக் பாஸ்போர்ட்'. நோயுள்ள இடத்திலிருந்து வருபவர் தாம் செல்லும் ஊரைக் குறிப்பிட்டு ஒரு சீட்டுப் பெறவேண்டும். அங்குச் சென்றபின் பத்து நாட்கள் அதிகாரியிடம் நேரில் தோன்றவேண்டும். பிரித்து அடைத்துவைப்பதைவிட மென்மையான இம்முறையைச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் பெரிதும் ஆதரித்தார். கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிறுவனம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பஞ்சாபையும் பம்பாயையும் ஒப்பிட, சென்னை மாகாணத்தில் இழப்பு மிகக் குறைவு. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்ட கொள்ளைநோயில், சென்னை நகரம் பெரிய அளவில் பாதிக்கப்படவே இல்லை. எனவே பாஸ்போர்ட் முறை வென்றது என்று நிர்வாகத்தினர் எழுதினர். அண்மைக்கால வரலாற்றாசிரியர்களோ அதே ஆவணங்களைக் கொண்டு, குடிமக்களின் உடல்மீது காலனிய அரசு செலுத்திய அதிகாரத்தை எழுதுகின்றனர். புகழ்ந்தவரும் பழித்தவரும் ஒரு செய்தியை மட்டும் பொதுவாக ஏற்றுக்கொண்டனர்: நோயைச் சுமந்து சென்றவன் மனிதன்.

அதை மறுக்கும் சான்று அப்போதே கிடைத்துவிட்டது. 1898 ஜூனில் கராச்சியில் பால் லூயி சிமோன் நோயுற்ற எலியொன்றைத் தெள்ளுகளோடு கண்ணாடிக் கலத்தில் வைத்து, கம்பி வலைக்கு அப்பால் நலமுள்ள எலியை வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆயினும் இரண்டாவது எலியும் சில நாட்களில் பிளேக்கால் இறந்தது. பேராசிரியர் ஃபிரேசர் தலைமையிலான இந்தியப் பிளேக் ஆணையம் இதைப் பொருட்படுத்தத் தக்கதன்று என ஒதுக்கியது. 1905இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வுக்குழு பம்பாய்ப் பரேலில் நிகழ்த்திய சோதனைகளே ஐயத்தைப் போக்கின. தெள்ளு நிறைந்த குடிலில் தரையிலிருந்து இரண்டங்குல உயரத்தில் தொங்கிய கூட்டின் கினிப்பன்றிகளை நோய் தாக்கியது. இரண்டடி உயரத்தில் தொங்கியவை தப்பின. நோய்க்காற்று என்று பேசியவர்களுக்கு அந்த இடைவெளி போதுமான விடை. தெள்ளால் அவ்வளவு உயரம் தாவ முடியாது, அவ்வளவுதான்.

எந்தத் தெள்ளு என்ற கேள்வியை இந்தியாவில் எவரும் அழுத்தமாகக் கேட்கவில்லை. கேட்டவர் கொழும்பு மாநகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட். இந்திய எலிகளில் காணப்படுவதெல்லாம் செனோப்சில்லா கியோபிஸ் என்றே கொள்ளப்பட்டிருந்தது. கொழும்பு எலிகளின் மேல் பெரும்பாலும் இருந்தது அதன் நெருங்கிய உறவான செனோப்சில்லா ஆஸ்டியா என்பதை ஹர்ஸ்ட் கண்டார். நுண்ணோக்கியில் உறுப்பமைப்பைப் பார்த்தாலொழிய இரண்டையும் பிரித்தறிதல் அரிது. 1914இல் கொழும்பில் பிளேக் வந்தபோது நோய் தானியக் கிடங்குகள் நிறைந்த புறக்கோட்டைப் பகுதியைச் சுற்றியே நின்றது. தானியத்தோடு இந்தியாவிலிருந்து வந்திறங்கிய கியோபிஸ் தெள்ளும் அங்கேதான் இருந்தது. பின்னர் மேஜர் கிராக் இந்தியாவில் தெள்ளினங்களின் பரவலைத் தொகுத்தபோது, சென்னை நகர எலிகளில் ஆஸ்டியா மிகுந்திருப்பது புலனாயிற்று. ஆஸ்டியா பிளேக்கைக் கடத்துவதில் திறன் குன்றியது.

இதன் காரணத்தை 1914இல் பேகாட்டும் மார்ட்டினும் ஏற்கெனவே விளக்கியிருந்தனர். கிருமி தெள்ளின் உணவுப் பாதையில் பெருகிக் கட்டியாகி முன்குடலை அடைக்கிறது. பசியால் மீண்டும் மீண்டும் கடிக்கும் தெள்ளு, உறிஞ்சிய குருதியைக் கிருமியோடு காயத்துக்குள்ளேயே கக்குகிறது. கியோபிஸ் எளிதில் அடைபடும். மிகுந்த வெப்பமும் வறட்சியும் அடைபட்ட தெள்ளின் ஆயுளைக் குறைக்கின்றன.

இந்த அறிவோடு சித்தூர் நிலவரைபடத்தைப் பார்க்கவேண்டும். திருப்பதியும் சித்தூர் நகரும் தாழ்ந்த வெப்ப நிலம். பலமனேரும் மதனப்பள்ளியும் ஈராயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த மேட்டுநிலம். பிளேக் மைசூர்ப் பீடபூமியில் நிலைத்ததற்கும் சென்னைச் சமவெளியில் தங்காததற்கும் பாஸ்போர்ட் சீட்டைவிட, மொகிலிப் பாதையின் இருபுறத்துத் தட்பவெப்பமும் தெள்ளினமும் வலுவான காரணங்கள் என நான் கருதுகிறேன். இது முடிந்த முடிபன்று. ஆஸ்டியாவும் சில சூழல்களில் நோயைக் கடத்தியதுண்டு. ஆயினும் கிங்கின் வெற்றியை இனி அப்படியே வழிமொழிய இயலாது.

தெள்ளு ஓர் எலியை விட்டு மற்றோர் எலிக்குச் செல்வதை நேரில் பார்க்க முடியாது. ஆனால் அதற்குச் சாட்சி உண்டு. 1878இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் எலியின் குருதியில் சவுக்குபோல் நெளியும் நுண்ணுயிரைக் கண்டார். இன்று டிரிப்பனோசோமா லூயிசை எனப்படுவது அது. இவ்வொட்டுண்ணி தெள்ளின் கடியால் பரவுவதில்லை. தெள்ளின் குடலில் வளர்ந்து எச்சத்தில் வெளிவருகிறது. உடலை நக்கித் தூய்மை செய்யும் எலி எச்சத்தையோ தெள்ளையோ விழுங்கும்போது தொற்றுகிறது. எலிக்குப் பெருந்தீங்கு இல்லை. பெருக்கத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் அதன் உடலில் தோன்றுவதை 1924இல் டாலியஃபெரோ காட்டினார். ஆகவே ஒரு சந்தையிலோ சத்திரத்திலோ பிடித்த எலிகளின் குருதியில் லூயிசை காணப்பட்டால், அங்கே தெள்ளுப் போக்குவரத்து நடக்கிறது என்று பொருள்.

லூயிசை மனிதனைத் தொடாது என்ற நம்பிக்கையும் இப்போது தளர்ந்துள்ளது. 1933இல் மலாயாவில் ஒரு கைக்குழந்தையிடமும், இந்நூற்றாண்டில் இந்தியக் கைக்குழந்தைகள் சிலரிடமும் இவ்வகை ஒட்டுண்ணி கண்டறியப்பட்டது. இயல்பான மனிதக் குருதிநீர் இதைக் கொல்வதில்லை என 2015இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எலி நடமாடும் தரையில் படுத்துறங்கும் குழந்தை யாருடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னைச் சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும்போது நோயாளிகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அதே மாதங்களில் மைசூர்ச் சீமையிலிருந்து பலமனேர் வழியே இறங்கிய தானிய வண்டிகளையும், பாகாலா, ரேணிகுண்டா நிலையங்களின் சரக்குக் கணக்குகளையும் தேடிப் பாருங்கள். மனிதனிடம் சீட்டுக் கேட்ட இடத்தில் மூட்டையிடம் எவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.