தீவாந்தர சிட்சை

குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டனை அமைதல் வேண்டுமென்பது அறநூலோர் துணிபு. அத்துணிபினை உரைகல்லாகக் கொண்டு, ஒரு காலத்தில் இங்கிலாந்து விதித்த தீவாந்தர சிட்சையை ஈண்டு நோக்குவோம்.

1718ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, களவு செய்தோர் 7 ஆண்டுகளுக்கும், தூக்கினின்று மன்னிக்கப்பெற்றோர் பெரும்பாலும் 14 ஆண்டுகளுக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1775இல் அமெரிக்கச் சுதந்திரப் போர் மூள, அவ்வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின, தேம்ஸ் நதியில் நின்ற பழங்கப்பல்களும் சிறைகளாயின. ஈற்றில், 1787 மே மாதத்தில் 11 கப்பல்கள் அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டன. 1868 வரையில் ஏறத்தாழ 1,60,000 பேர் அந்நாட்டிற்குக் கடத்தப்பட்டனர்.

இவர்கள் இழைத்த குற்றந்தான் யாது? பெரும்பாலோர் கொலைஞரல்லர், துணியோ, கைக்குட்டையோ, ஆடோ திருடிய ஏழைகள். அக்காலச் சட்டம் பொருளின் விலையைக் கொண்டு உயிரின் விலையை நிறுத்தது. குடியிருக்கும் வீட்டினுள் 40 சிலிங் பெறுமதியான பொருளைத் திருடினால் தூக்கு. ஆதலின், இரக்கமுள்ள யூரிமார் அப்பொருள் 39 சிலிங்கே பெறும் என்று தீர்ப்புக் கூறுவர். கைதி தூக்குமரம் தப்பிக் கடல் கடப்பான். சட்டத்தின் கொடுமைக்குப் பொய்யே மருந்தாயிற்று!

இதனைக் கருணையென்று கூறலாமா? தவணை முடியுமுன் தாய்நாடு திரும்பியவனுக்கு நெடுங்காலம் தூக்கே விதியாயிருந்தது. தவணை முடிந்த பின்னரோ, கப்பற்கூலி கொடுக்க வகையின்றிப் பலர் அங்கேயே மாண்டனர். 7 ஆண்டுத் தண்டனை ஆயுள் முழுவதற்கும் நீண்டது.

களவேனும் குற்றமென்க. 1834இல் டொல்பட்டில் என்னுஞ் சிற்றூரின் உழவுத் தொழிலாளர் அறுவர் செய்தது யாது? வாரக்கூலி 7 சிலிங்காகக் குறைந்து, மேலும் குறையுமென்ற நிலையில், அவர்கள் சங்கம் அமைத்தனர். சங்கம் அமைத்தல் அன்று குற்றமன்று. எனவே, கடற்படைக் கலகத்தை அடக்க 1797இல் இயற்றிய சட்டத்தைத் தேடியெடுத்து, இரகசியச் சத்தியஞ் செய்வித்தனர் என்று குற்றஞ்சாட்டி, அறுவருக்கும் 7 ஆண்டுத் தீவாந்தர சிட்சை விதித்தனர். நாடெங்கும் மக்கள் கிளர்ந்தெழவே, 1836இல் அரசாங்கம் அவர்களுக்குப் பூரண மன்னிப்பு வழங்க நேர்ந்தது.

சட்டமியற்றிய பாராளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை அவ்வுழவருக்கு இருந்ததில்லை. உடைமையுள்ளோர் எழுதிய சட்டம் உடைமையையே காத்தது. சட்டம் குற்றமென்று கூறுவதனைத்தும் அறத்தின் முன் குற்றமாகிவிடாது. ஒரு சட்டத்தைக் காணுமிடத்து, அஃது எவரால் இயற்றப்பட்டது, எவரைக் காக்கின்றது, எவரை வருத்துகின்றது என வினவுதல் நம் இளைஞர் கடனாகும்.