பாட்டுப் புத்தகம் கிடைச்சா லேமினேட் பண்ணாதீங்க!

லண்டனில் 1977 வாக்கில் பங்க் இசைக் கச்சேரிகளுக்கு அடித்த நோட்டீஸ்கள் இன்று ஏலத்துக்கு வருகின்றன. நம்ம ஊரில் அதுக்கு ஈடு சினிமா பாட்டுப் புத்தகம்தான். தியேட்டரில் சில்லறைக் காசுக்கு விற்றது. பாட்டோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கிளைமாக்ஸ் மட்டும் இருக்காது, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'! (கில்லாடிங்க.)

வருஷம் போடாத புத்தகமா? விலையைப் பாருங்க. அணா என்றால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. 'நயா பைசா' என்றால் 1957-லிருந்து 1964-க்குள்.

பரணில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) கேசட் இருந்தா, உள்ளே மடித்து வைத்த அட்டையையும் எடுத்து வையுங்க. பாட்டு ஆப்பில் கிடைக்கும், அட்டை கிடைக்காது.

மாமல்லபுரம், கோவளம் பக்கம் வீடா? உப்புக்காத்துதான் எதிரி. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, காகிதத்தையும் அரித்துவிடும். பின்னை மெதுவாகக் கழற்றிட்டு, பருத்தி நூலால் தைங்க. செலோடேப் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்; சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதமும் கூடவே வரும். காத்துப் புகாத டப்பாவில் போட்டு, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டைச் சேர்த்து வையுங்க.

வீட்டில் 'குப்பை'ன்னுதான் சொல்வாங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தவர். அவர் மறைந்த பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. அதை வைத்து உருவானதுதான் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈ.சி.ஆர் பக்கம் இருப்பவங்களுக்கு ஒரு பஸ் பயண தூரம்தான்.